நோட்டுப் புத்தகத்தில் இருந்த மூன்று வாக்கியங்கள்

பெங்களூர் லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

சொந்த ஊர் நாசரேத் பக்கம். திருமணமாகி வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. கணவர் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தமிழ்ச் சபையில் வேதபாடம் வாசிப்பவர், கேட்டவர்கள் மறக்காத அளவுக்கு ஜெபிப்பவர். ஒரே மகனுக்கு வயது 26. இரண்டு ஆண்டுகள் பார்த்த வேலையை விட்டுவிட்டு, பேராயத்தின் பரிந்துரையிலும் உதவித்தொகையிலும் இதே நகரத்தில் உள்ள ஓர் இறையியல் கல்லூரியில் பி.டி. (இறையியல் இளநிலைப் பட்டம்) படிக்கிறார். வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். மே மாதம் குருத்துவப் பணிக்கான நேர்காணல், பேராயர் முன்னிலையில்.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் வீட்டுக்கு வந்திருந்தார். 25ஆம் தேதி இரவு குடும்ப ஜெபத்தில் அப்பா, "இன்றைக்கு நீ ஜெபம் பண்ணு" என்றார். மகன் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்களே பண்ணுங்கள் அப்பா" என்று சொல்லியிருக்கிறார். அப்பா வேதாகமத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனவர்தான். இன்றுவரை மகனோடு பேசவில்லை. மறுநாள் துவைப்பதற்காக மகனின் பையைக் காலி செய்தபோது ஒரு நோட்டு கிடைத்தது. அதிலிருந்து மூன்று வாக்கியங்களைத் தாய் தன் கையால் எழுதி அனுப்பியிருக்கிறார்:

"கடவுள் இருப்பவற்றுள் ஒன்று அல்ல."
"மனிதன் தன் ஏக்கத்தை வானத்தில் வரைந்து கடவுள் என்று பெயரிட்டான்."
"மூன்று அடுக்கு உலகம் முடிந்துபோயிற்று."

"பக்கத்தின் அடியில் பென்சிலால் 'அப்பாவிடம் கேட்க வேண்டும்' என்று கிறுக்கியிருந்தான், அது வேறு ஏதோ" என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

அவருடைய கேள்விகள்: என் மகன் நாத்திகன் ஆகிவிட்டானா? லௌகிக ஞானத்துக்கு எச்சரிக்கையாயிருங்கள் என்று வேதமே சொல்லும்போது கல்லூரியில் ஏன் தத்துவஞானிகளைப் படிக்கவைக்கிறார்கள்? நேர்காணலுக்கு முன்பே பேராயருக்கு நான் எழுதிவிட வேண்டுமா? ஒரு பேராசிரியர்தான் இவனைக் கெடுத்தார் என்று உறவினர் சொல்கிறார்; புகார் கொடுக்கலாமா? படிப்பை நிறுத்திவிடலாமா?

அன்புள்ள சகோதரி,

நான் குடும்ப ஆலோசகராக வேலை செய்பவன். அதற்கு முன் சில ஆண்டுகள் இறையியல் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த நோட்டுப் பக்கம் என் கண்முன் வந்துவிட்டது. அந்த மூன்று வாக்கியங்களும் உங்கள் மகனுடையவை அல்ல. வகுப்பில் குறித்துக்கொண்டவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. மூவரில் ஒருவர் மட்டுமே கடவுளை மறுத்தவர். மற்ற இருவரும் பிரசங்கபீடத்தில் நின்று பிரசங்கம் செய்தவர்கள். அவர்களுடைய பிரசங்கத் தொகுதிகள் இன்றும் வாசிக்கப்படுகின்றன. மூன்று வரிகளையும் ஒரே கையெழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்ததால், மூன்றும் உங்கள் மகனின் வாக்குமூலம் போல உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எந்தத் தாய்க்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

ஆனால் அந்த இரவின் மௌனம் உண்மையானது. அதை நான் சிறிதாக்க மாட்டேன். அதற்கு வருவதற்கு முன், நீங்கள் பயப்படும் அந்தத் 'தத்துவம்' என்ன என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிடுவோம்.

கொலோசெயர் 2:8 எதைச் சொல்கிறது?

நீங்கள் எடுத்துக்காட்டிய வசனத்தில் "லௌகிக ஞானம்" என்று இருக்கிறது. கிரேக்க மூலத்தில் அங்கே உள்ள சொல் 'ஃபிலோசோஃபியா', அதாவது தத்துவம். புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்தச் சொல் அந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. எந்த ஞானத்தைப் பற்றிப் பவுல் எச்சரிக்கிறார் என்பதை அதே வசனத்தின் கடைசிப் பகுதி சொல்லிவிடுகிறது: அது "கிறிஸ்துவைப் பற்றினதல்ல". கொலோசெ சபைக்குள் புகுந்திருந்த ஒரு போதனையை அவர் கண்டிக்கிறார். சிந்திப்பதையே அவர் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் அத்தேனே பட்டணத்தில் அவர் நடந்துகொண்ட விதத்துக்கு விளக்கம் இல்லாமல் போகும். அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரத்தை இன்று ஒருமுறை திறந்து பாருங்கள். எப்பிக்கூரர், ஸ்தோயிக்கர் என்ற கிரேக்கத் தத்துவஞானிகளோடு பவுல் வாதாடுகிறார். "நாம் அவருடைய சந்ததியார்" என்று அவர் மேற்கோள் காட்டுவது ஆராத்தஸ் என்ற கிரேக்கப் புலவரின் வரி. அந்தப் புலவர் அதை எழுதியது சேயுஸ் தேவனைப் புகழ்ந்து. பவுல் அதை எடுத்துத் தன் பிரசங்கத்தில் வைத்துக்கொண்டார்.

இன்னும் அருகில் வருகிறேன். திருவிருந்து ஆராதனையில் நீங்கள் எழுந்து நின்று நிசேயா விசுவாசப் பிரமாணம் சொல்கிறீர்கள். "பிதாவோடே ஒரே தன்மையுடையவர்" என்ற இடத்தில் உள்ள 'தன்மை' கிரேக்கத் தத்துவஞானிகளின் சொல். கி.பி. 325இல் நிசேயா சங்கம் அதைப் பிரமாணத்தில் சேர்த்தபோது, வேதத்தில் இல்லாத சொல் என்று அன்றைய பேராயர்களிலேயே சிலர் தயங்கினார்கள். ஆனால் கிறிஸ்துவும் சிருஷ்டிக்கப்பட்டவரே என்று போதித்த ஆரியுவின் கூட்டத்தார் வேதத்தின் சொற்களையெல்லாம் தங்களுக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டார்கள். கிறிஸ்து சிருஷ்டிக்கப்பட்டவர் அல்ல என்பதை வளைக்க முடியாதபடி சொல்ல, சபைக்கு ஒரு தத்துவச் சொல் தேவைப்பட்டது. சிறுவயது முதல் நீங்கள் மனப்பாடமாகச் சொல்லிவரும் விசுவாசத்துக்குள் பதினேழு நூற்றாண்டுகளாக அது குடியிருக்கிறது. நவீன காலத்துக் கல்லூரிகள் கொண்டுவந்து கலந்ததல்ல.

தத்துவம் என்றால் ஐரோப்பா என்றும் நினைக்க வேண்டாம். பின்னாளில் கோயம்புத்தூர் பேராயராக இருந்த ஏ.ஜே. அப்பாசாமி பாளையங்கோட்டையில் பிறந்தவர். இராமானுஜரின் விசிஷ்டாத்வைதத்தையும் தமிழ்ப் பக்திப் பாடல்களையும் கையில் வைத்துக்கொண்டு யோவான் சுவிசேஷத்தை வாசித்தவர். "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" என்பதை அன்பிலும் சித்தத்திலும் உள்ள ஒருமையாக விளக்கினார். அவருக்குப் பல ஆண்டுகள் பின்னால், 1981இல், இதே பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் என்ற இறையியலாளர் ஓர் உரை நிகழ்த்தினார். இந்தியக் கிறிஸ்தவ இறையியல் உயர்சாதியாரின் தத்துவத்தோடேயே பேசிக்கொண்டிருந்துவிட்டது, சபையில் பெரும்பான்மையாக இருக்கும் தலித் மக்களின் வேதனை அதில் இல்லை என்பது அவருடைய வாதம். தலித் இறையியல் அங்கிருந்து வளர்ந்தது. ஆகவே இறையியல் கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்வி, எந்தத் தத்துவம், அது யாருடைய வாழ்க்கையை விளக்குகிறது என்பதுதான். உங்கள் மகன் அதைக் கேட்கத் தெரிந்தவராக வெளியே வந்தால் அது சபைக்கு லாபம்.

முதல் வாக்கியம்: கடவுள் இருப்பவற்றுள் ஒன்று அல்ல

உங்களை அதிகமாக உலுக்கியது இதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றில் விசுவாசத்துக்கு மிக நெருக்கமானதும் இதுதான்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் உள்ளவற்றை எண்ணத் தொடங்குங்கள். நாற்காலி, கடிகாரம், சுவரில் மாட்டிய வசன அட்டை, ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரம். அப்படியே எண்ணிக்கொண்டே போய் நட்சத்திரங்களையும் தேவதூதர்களையும் எண்ணி முடித்த பிறகு, கடைசியாக "இன்னும் ஒன்று, கடவுள்" என்று சேர்ப்பீர்களா? சேர்த்தால் அவர் படைப்பின் வரிசையில் ஓர் ஆள் ஆகிவிடுவார். மற்றவற்றைவிடப் பெரியவர், அவ்வளவுதான். அப்படிச் சேர்க்கக் கூடாது என்பதைத்தான் இந்த வாக்கியத்தின் சொந்தக்காரரான ஜெர்மன் இறையியலாளர் பால் டில்லிக் சொன்னார். எல்லாம் 'இருக்கிறது' என்றால் அந்த இருத்தலுக்கே ஆதாரம் அவர். 13ஆம் நூற்றாண்டிலேயே சபையின் பெரிய இறையியலாளரான தாமஸ் அக்வினாஸ், கடவுளை எந்த இனத்திலும் வகையிலும் அடக்க முடியாது என்று எழுதினார். அவருக்கும் முன்னால் மோசேயின் முட்செடி இருக்கிறது. பெயர் என்ன என்று கேட்டவனுக்குக் கிடைத்த பதில் "இருக்கிறவராக இருக்கிறேன்". நம் தமிழ் வேதாகமத்தில் அடுத்து வரும் "இருக்கிறேன் என்பவர்" என்ற சொல்லை நான் எத்தனையோ வகுப்புகளில் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். டில்லிக்கைப் புரியவைக்க அதைவிட நல்ல தமிழ் எனக்குக் கிடைத்ததில்லை.

பழைய சபையின் பெரிய போதகரான அகஸ்டினும் இந்த வழியாக வந்தவர். கடவுளை எல்லையில்லாத கடலாகவும், படைப்பை அதற்குள் நனைந்து கிடக்கும் பஞ்சாகவும் தான் கற்பனை செய்திருந்ததை அவரே எழுதிவைத்திருக்கிறார். பிளேட்டோவின் வழிவந்தவர்களின் நூல்களைப் படித்த பிறகுதான், கடவுள் இடத்தை நிரப்பும் பொருள் அல்ல என்பது அவருக்கு விளங்கியது. தத்துவம் அவரைச் சபையின் வாசல்வரை கொண்டுவந்து விட்டது.

டில்லிக்கின் வாழ்க்கையையும் ஒரு வரி சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் ஜெர்மன் படையின் குருவாக இருந்தார். சிப்பாய்களுக்குப் பிரசங்கம் செய்ததோடு, இறந்தவர்களைக் குழி தோண்டிப் புதைக்கவும் செய்தார். மேலிருந்து எல்லாவற்றையும் ஒழுங்காக நடத்தும் கடவுள் என்று அவர் கற்றிருந்த படம் அந்தக் குழிகளுக்கு முன் நிற்கவில்லை. 1933இல் நாஜி அரசு அவரைப் பல்கலைக்கழக வேலையிலிருந்து நீக்கியது, அமெரிக்கா போனார். பட்டுத் தெளிந்தவரின் சொற்கள் அவருடையவை.

இந்தச் சிந்தனைக்கு ஒரு விலை உண்டு. "இருத்தலின் ஆதாரமே" என்று யாரும் ஜெபத்தைத் தொடங்க முடியாது. "அப்பா பிதாவே" என்று ஆளைப் பார்த்துப் பேசுகிற ஜெபத்தில் வளர்ந்த பிள்ளைக்கு, இந்தப் பாடம் புதிதாக மனதில் இறங்கும் மாதங்களில் வாய் அடைத்துப்போகும். நான் பார்த்த மாணவர்களில் பலருக்கு இது நடந்தது. கிறிஸ்துமஸ் இரவில் உங்கள் மகனுக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். வெறும் வாயால் ஒரு ஜெபத்தை ஒப்பித்திருந்தால் அன்று யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவர் ஒப்பிக்கவில்லை. ஜெபத்தை மதிக்காதவர் செய்யும் காரியம் அது அல்ல.

இரண்டாம் வாக்கியம்: ஏக்கத்தின் படம்

இதன் சொந்தக்காரர் லூட்விக் ஃபாயர்பாக் என்ற ஜெர்மன் தத்துவஞானி. 1841இல் வெளிவந்த அவருடைய நூலின் சாரம் இது. அவரும் இறையியல் படிக்கப் போனவர்தான். பாதியில் தத்துவத்துக்கு மாறினார். ஆம், அவர் கடவுளை மறுத்தவர்.

பிறகு ஏன் இதைக் கற்பிக்கிறார்கள்? நாளை உங்கள் மகன் ஒரு சேகரத்தில் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைப் பகுதியில்) நிற்கும்போது, வைட்ஃபீல்டில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் இதே கேள்வியோடு வருவார், ஃபாயர்பாக்கின் பெயரைக் கேள்விப்படாமலேயே. அப்போது முதல்முறையாகக் கேட்டுத் திகைக்கும் ஆயர் அவருக்கு உதவ மாட்டார். தத்துவத்தின் பிடியிலிருந்து இறையியலை மீட்கப் போராடிய கார்ல் பார்ட் கூட, ஃபாயர்பாக்கைத் தாண்டிப் போகாமல் இறையியல் செய்ய முடியாது என்று கருதினார். நாம் நம் சாயலில் செய்துகொள்ளும் கடவுள் விக்கிரகம்தானே? ஏசாயா 44ஆம் அதிகாரத்தில் ஒருவன் மரத்தை வெட்டி, பாதியை எரித்து ரொட்டி சுட்டுக் குளிர்காய்ந்து, மீதியைத் தெய்வமாக்கி வணங்குகிறான். தீர்க்கதரிசி ஏற்கெனவே செய்த வேலையின் ஒரு பகுதியை ஃபாயர்பாக் செய்தார். ஆனால் தீர்க்கதரிசி பொய்த் தெய்வத்தோடு நிறுத்தினார். ஃபாயர்பாக் எல்லாக் கடவுளையும் சேர்த்துத் தள்ளினார். அங்கே அவருடைய வாதம் பலவீனமானது என்பது என் கருத்து. பசி இருப்பதாலேயே சோறு கற்பனை ஆகிவிடாது. பசி இருப்பதாலேயே சோறு இருக்கிறது என்றும் ஆகிவிடாது. ஏக்கத்தை வைத்து இரண்டு பக்கமும் தீர்ப்பு எழுத முடியாது.

நாத்திகரிடமிருந்தும் சபை கற்றிருக்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பின்னாளில் பெயர்பெற்ற இறையியலாளரான யூர்கன் மோல்ட்மன் 1943இல் ஹாம்பர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது பதினேழு வயதுப் பையன். அருகில் நின்ற நண்பன் செத்துப்போனான். பின்பு போர்க்கைதியாக இருந்த இடத்தில் கையில் கிடைத்த வேதாகமத்தை வாசித்து விசுவாசத்துக்கு வந்தார். அவர் 1964இல் நம்பிக்கையைப் பற்றி எழுதிய இறையியல் நூலுக்குத் தூண்டுதலாக இருந்தது எர்ன்ஸ்ட் புளோக் என்ற மார்க்சிய நாத்திகரின் தத்துவம்.

மூன்றாம் வாக்கியம்: மூன்று அடுக்கு உலகம்

இது ருடால்ஃப் புல்ட்மன் என்ற ஜெர்மன் இறையியலாளரின் 1941ஆம் ஆண்டு உரையிலிருந்து வந்தது. மேலே பரலோகம், நடுவில் பூமி, கீழே பாதாளம் என்ற பழைய உலகப் படத்தை இன்றைய மனிதன் நம்ப முடியாது. அந்தப் படத்துக்குள் சொல்லப்பட்ட சுவிசேஷத்தை அதிலிருந்து பிரித்து விளக்க வேண்டும் என்றார். அதற்கு அவர் பயன்படுத்திய சொற்கள், மார்பர்க் பல்கலைக்கழகத்தில் தன்னோடு பணிபுரிந்த ஹைடெகரின் தத்துவத்திலிருந்து வந்தவை. 1933இல் ஹைடெகர் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். புல்ட்மன் ஹிட்லருக்குப் பணியாத சபையாரோடு நின்றார். சொற்களைக் கடன் வாங்கியவர் எஜமானைக் கடன் வாங்கவில்லை.

ஆனாலும் இந்த இடத்தில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. உயிர்த்தெழுதலைக் கேட்பவரின் உள்ளத்தில் நடக்கும் நிகழ்ச்சியாக அவர் சுருக்கிவிட்டார் என்றே நினைக்கிறேன். தத்துவம் சபைக்கு வேலைக்காரனாக வராமல் வீட்டுக்காரனாக உட்கார்ந்துவிடும் ஆபத்து உண்மையில் உண்டு. உங்கள் பயத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் மகனுக்கும் இதில் மாற்றுக் கருத்து இருக்கலாம். கேட்டுப் பாருங்கள், கேட்காமல் நமக்குத் தெரியாது.

ஒரு தகப்பனும் மகனும்

1787 ஜனவரியில், பதினெட்டு வயது மாணவன் ஒருவன் தன் தகப்பனுக்கு ஒரு கடிதம் எழுதினான். தகப்பன் படையில் குருவாக இருந்தவர், பக்திமான். மகனை, பக்தி வாழ்வை வலியுறுத்திய மொராவிய சபையாரின் பள்ளியிலும் குருமடத்திலும் சேர்த்திருந்தார். அங்கே தடைசெய்யப்பட்ட புத்தகங்களை மாணவர்கள் ஒளித்துவைத்துப் படித்தார்கள். தன்னை மனுஷகுமாரன் என்று சொல்லிக்கொண்டவர் நித்திய தேவன் என்று என்னால் நம்ப முடியவில்லை, அவருடைய மரணம் நமக்குப் பதிலாக நடந்தது என்றும் நம்ப முடியவில்லை என்று அந்த மகன் எழுதினான். தகப்பன் நொறுங்கிப்போனார். நீ உன் தகப்பனின் தேவனை இனி ஆராதிக்கவில்லை என்ற பொருளில் மனம் கசந்து பதில் எழுதினார். ஆனாலும் மகன் கேட்டபடி ஹாலே பல்கலைக்கழகத்துக்குப் போக அனுமதி கொடுத்தார். கடிதம் எழுதுவதையும் அடியோடு நிறுத்தவில்லை.

ஹாலே என்ற பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட சீகன்பால்குவின் பின்னால் நின்ற ஊர் அது. நம் சபைகளின் வேர் அங்கே போகிறது. அதே ஊரில் அந்த மகன் ஜெர்மன் தத்துவஞானி காண்டின் தத்துவத்தில் மூழ்கினான். கடவுள் இருக்கிறார் என்றும் இல்லை என்றும் வெறும் அறிவால் நிரூபிக்க முடியாது என்று 1781இல் காண்ட் எழுதியிருந்தார். விசுவாசத்துக்கு இடம் விடுவதற்காகவே அறிவுக்கு எல்லை கட்டியதாகப் பின்பு சொன்னார். அப்படியானால் சமயம் எங்கே குடியிருக்கிறது? அந்த மகன் 1799இல் அதற்குப் பதில் எழுதினார். எல்லையற்றதை உள்ளத்தால் உணர்வதில் என்றார். பின்னாளில் அதை முழுமையான சார்ந்திருத்தல் உணர்வு என்று சொன்னார். அவர் பெயர் ஃப்ரீட்ரிக் ஷ்லையர்மாக்கர். நவீன இறையியலின் தந்தை என்று உங்கள் மகனின் பாடப்புத்தகம் அவரைத்தான் சொல்லும். 1802இல் தன் சகோதரி வாழ்ந்த மொராவிய ஊருக்குப் போய்வந்தபோது, தான் மறுபடியும் மொராவியனே ஆகிவிட்டதாக, ஆனால் உயர்ந்த நிலையில் ஆகிவிட்டதாக எழுதினார்.

இந்தக் கதையில் என்னை எப்போதும் நிறுத்தும் இடம் வேறு. முதல் கடிதத்தின் புண் ஓரளவு ஆறிய பிறகு, தானே பல ஆண்டுகள் உள்ளத்தில் விசுவாசமில்லாமல் பிரசங்கம் செய்திருக்கிறேன் என்று அந்தத் தகப்பன் மகனுக்கு எழுதினார். மகன் முதலில் வாய் திறந்தபோது அது சொல்லப்படவில்லை.

இனி செய்ய வேண்டியவை

பேராயருக்கு எழுதாதீர்கள். உங்கள் மகன் வயது வந்தவர். குருத்துவ அழைப்பைப் பற்றிப் பேச வேண்டியவரும், வேண்டுமானால் தன் சந்தேகங்களைச் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அவருக்குத் தெரியாமல் எடுத்த குறிப்பிலிருந்து மூன்று வரிகள் ஒரு கோப்புக்குள் போய்விட்டால், அவை யாருடைய வரிகள் என்று விளக்கும் வாய்ப்புகூட அவருக்குக் கிடைக்காமல் போகலாம். பேராசிரியர் மீது புகாரும் வேண்டாம். பாடத்திட்டத்தில் உள்ளதைக் கற்பித்தது குற்றமல்ல. மாணவர்களை இழிவுபடுத்தினார் என்பது போன்ற தனிக் குறை இருந்தால், அதை உங்கள் மகன் கல்லூரி முதல்வரிடம் சொல்லட்டும்.

படிப்பை நிறுத்துவதைப் பற்றி: படிப்பும் குருத்துவ அபிஷேகமும் இரண்டு வேறு காரியங்கள் என்பதைப் பல பெற்றோர் கவனிப்பதில்லை. பி.டி. பட்டம் பெரும்பாலான கல்லூரிகளில் செராம்பூர் கல்லூரியின் செனட் கொடுப்பது. 1827இல் டென்மார்க் அரசர் கொடுத்த சாசனமும் 1918ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு ஆதாரம். அபிஷேகம் கொடுப்பது சபை. படிப்பை முடித்துவிட்டு அபிஷேகத்துக்குக் காத்திருக்கலாம். நேர்காணலை ஓர் ஆண்டு தள்ளிவைக்கும்படி கேட்கலாம். முடிவு பேராயத்தினுடையது, ஆனால் நேர்மையாகக் கேட்பதில் இழிவு இல்லை. மருத்துவமனைக் குருவாக, ஆசிரியராகப் போகிறவர்களும் உண்டு. நம்பாததை நம்புவதாக பீடத்தின் முன் வாக்குக் கொடுப்பதைவிட இவையெல்லாம் நல்லவை.

உதவித்தொகைக்காக அவர் ஏதாவது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். போட்டிருந்தால், எத்தனை ஆண்டு ஊழியம், விலகினால் எவ்வளவு திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை அந்தத் தாளிலேயே படியுங்கள். தொகை குறிப்பிடப்பட்டிருந்தாலும், அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே கேட்க முடியும் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. பேச்சு அந்த இடத்துக்கு வந்தால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுப் பதில் எழுதுங்கள்.

குணமாக்கும் கூட்டத்துக்கு அழைத்துப் போகும்படி ஜெபக்குழுச் சகோதரி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். மகனுக்காக நீங்கள் உபவாசித்து ஜெபியுங்கள், அது உங்கள் உரிமை. அவரை நோயாளியாக நடத்தாதீர்கள். அதே சமயம் உடம்பையும் கவனியுங்கள். இரவில் தூங்காமல் இருக்கிறாரா, சாப்பாடு குறைந்திருக்கிறதா, நண்பர்களை விலக்குகிறாரா, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற பேச்சு வருகிறதா? இவற்றில் எதுவாவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாழ விருப்பமில்லை என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். விசுவாசப் போராட்டம் என்று நினைத்து மனச்சோர்வைக் கவனிக்காமல் விட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கொஞ்சம் கடினமானது. நோட்டைப் படித்ததை அவரிடம் சொல்லிவிடுங்கள். "துணி துவைக்க எடுத்தபோது பார்த்தேன், பயந்துவிட்டேன், படித்துவிட்டேன், தப்புதான்" என்று நான்கு சொல் போதும். இதைச் சொல்லாமல் நீங்கள் எந்தக் கேள்வி கேட்டாலும், அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்ற யோசனையிலேயே அவர் மனம் நிற்கும். சொன்ன பிறகு அந்த வாக்கியங்களில் ஒன்றை எடுத்து, "இதை எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியவைக்க முடிந்தால், நாளை சபைக்கும் புரியவைக்க முடியும். "நீ இன்னும் நம்புகிறாயா, இல்லையா" என்று முதலிலேயே கேட்டுவிடாதீர்கள். அதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்லத் தெரியாத காலம் இது அவருக்கு.

உங்கள் கணவரைப் பற்றி. மகன் தன்னை அவமதித்துவிட்டான் என்று அவர் நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் "வேறு ஏதோ" என்று கடந்துபோன அந்தப் பென்சில் வரியை நான் மறுபடியும் படித்தேன். மூன்று பெரிய அறிஞர்களின் வாக்கியங்களுக்குக் கீழே உங்கள் மகன் எழுதியது, அப்பாவிடம் கேட்க வேண்டும் என்று. அது வேறு ஏதோ காரியமாக இருக்கலாம். பண விஷயமாகக்கூட இருக்கலாம். ஆனால் அது அந்தப் பக்கத்தில் இருக்கிறது. தகப்பனை ஜெபிக்கச் சொன்னதும் ஒருவேளை அதே கேள்வியின் தொடர்ச்சியாக இருக்கலாம்: தன் வாயில் வராத ஒன்று அவர் வாயில் வருகிறது என்பதற்காக.

மகனிடம் பேசிய பிறகு, அவர் சம்மதித்தால், அந்த வரியை மட்டும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். டில்லிக்கையும் புல்ட்மனையும் அவர் அறிய வேண்டியதில்லை. வேலை போகுமோ என்று பயந்த ஆண்டுகளிலும், உங்கள் மூத்த குழந்தை இறந்த ஆண்டிலும் அவர் ஜெபித்தார் என்று கடிதத்தின் நடுவில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நாள்களில் எதைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார், எந்த நாள் பிடிக்க முடியாமல் போனது என்பதை அவர் மகனுக்கு என்றாவது சொல்லியிருக்கிறாரா? ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பிட்ட பிறகு பஸ்ஸில் அரை மணி நேரம்தான். நீங்கள் கூடப் போக வேண்டாம். அவரை மட்டும் அனுப்பி வையுங்கள்.